திருந்தவே திருந்தாத கதாபாத்திரத்தை எழுதினால் வாசகர் சலித்துவிட மாட்டாரா?

பாத்திரம் மாறாமல் இருப்பதால் சலிப்பு வருவதில்லை. மாறுவதற்கான வாய்ப்பை எழுத்தாளர் அதற்குக் கொடுக்காமல் விடும்போதுதான் வருகிறது. கம்பரின் இராவணன் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வீடணனும் கும்பகருணனும், இறுதியில் பெற்ற மகன் இந்திரசித்தனுமே சீதையை விட்டுவிடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் அவன் கொடுக்கும் விலை கூடிக்கொண்டே போவதால், ஒரே முடிவு திரும்பத் திரும்ப வந்தாலும் கதை நின்றுவிடுவதில்லை.

இவற்றுள் மிக நுட்பமான இடம், படைக்கலம் இழந்து நின்றவனை இராமன் ‘இன்று போய் நாளை வா’ என்று அனுப்பிய பிறகு வருகிறது. சாதாரண எழுத்தாளர் அந்த அவமானத்திலேயே அவனைத் திருத்தியிருப்பார் (நம் தொடர்கதைகளின் கடைசி அத்தியாயங்களில் இது அன்றாட நிகழ்ச்சி). கம்பரோ, வானும் மண்ணும் பகைவரும் சிரிப்பார்களே என்பதற்காக அன்றி, சானகி சிரிப்பாளே என்பதற்காகவே அவன் நாணி வாடுவதாகக் காட்டுகிறார். அதாவது, அவனைத் திருத்தியிருக்க வேண்டிய வெட்கமும் அவனுடைய பழைய ஆசைக்கே தீனியாகிவிடுகிறது.

ஆகவே உங்கள் பாத்திரத்துக்கும் உண்மையான வாய்ப்புகளைக் கொடுங்கள்; அவற்றை அது மறுக்கும் காரணம், அதன் பார்வையில் நியாயமானதாக இருக்கட்டும். மாற்றத்தைச் சுற்றியிருப்பவர்களிடம் காட்டலாம்: வீடணன் பிரிந்து போகிறான், கும்பகருணனோ தவறென்று தெரிந்தும் உடனிருந்து மடிகிறான்.