முதுகு ஸ்கேன் ரிப்போர்ட்டும் மூன்று நாள் தூக்கமும்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முதுகு ஸ்கேன் பற்றியவை. சிலர் ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்தே அனுப்பியிருக்கிறார்கள். அந்த மாதிரி ரிப்போர்ட் எழுதுவதுதான் என் தொழில் என்பதால், அவர்கள் பயத்தில் எனக்கும் பங்குண்டு.

கேள்வி: எனக்கு வயது 42. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், டீஜெனரேஷன்’ என்று போட்டிருக்கிறது. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. ஆபரேஷன் வரைக்கும் போகுமா?

பதில்: இந்த இரண்டு வார்த்தையை மட்டும் வைத்து ஆபரேஷன் பேசக் கூடாது. யாராவது பேசினால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க்; அது பிதுங்கினால் பல்ஜ். எல்4-எல்5 என்பது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள இடம். இந்த ஜவ்வில் இளம் வயதில் நீர் அதிகம். எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படத்தில் நீர் வெள்ளையாக விழும். அதனால் நல்ல ஜவ்வின் நடுப்பகுதி வெளுப்பாகவும், வற்றிய ஜவ்வு கறுப்பாகவும் தெரியும். அந்தக் கறுப்பைத்தான் டீஜெனரேஷன் என்று எழுதுகிறோம். முதுகுவலி இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை 2015-ல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டீஜெனரேஷன் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம்.

எனவே ஜவ்வை விட்டுவிட்டு நரம்பைப் பாருங்கள். எல்4-எல்5 ஜவ்வு பின்பக்கமாக ஓரத்தில் பிதுங்கினால் பெரும்பாலும் எல்5 நரம்பில்தான் இடிக்கும். இடித்தால் வலி பிட்டத்தில் தொடங்கி, காலின் வெளிப்பக்கமாக இறங்கி, புறங்கால் வழியே பெருவிரல் வரை ஓடும். குதிகாலால் நடந்து பாருங்கள். அந்த நரம்பு பலமிழந்திருந்தால் பெருவிரலைத் தூக்க வராது. உங்கள் வலி அந்தத் தடத்தில் போகிறதா? என்னிடம் ஒருவர் வலது கால் வலியோடு வந்தார். படத்தில் பிதுக்கம் அழகாகத் தெரிந்தது, இடது பக்கம். வலி படத்தில் விழாது. ரிப்போர்ட்டை உங்கள் காலோடு ஒத்துப் பார்க்க, உங்களைத் தொட்டுப் பரிசோதிக்கும் டாக்டர் வேண்டும்.

இன்னொன்று: பெரிதாக வெளியே வந்துவிட்ட ஜவ்வுத் துண்டுதான் சில மாதங்களில் தானாகச் சுருங்குவதற்கு அதிக வாய்ப்பு. லேசான பல்ஜ் அப்படியே கிடக்கும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

கேள்வி: எக்ஸ்ரே, சி.டி. என்று அலையாமல் நேரே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் என்ன?

பதில்: எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. முறிந்த எலும்பின் விளிம்பை சி.டி. காட்டும் தெளிவு எம்.ஆர்.ஐ.யில் வராது. ஜவ்வு, நரம்பு, தண்டுவடம், கிருமித் தொற்று, கட்டி என்றால் எம்.ஆர்.ஐ.தான் நல்லது. எளிமையான எக்ஸ்ரேவுக்கும் ஒரு பெருமை உண்டு: நிற்க வைத்து எடுக்கலாம். ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேல் வழுக்குவது, சில சமயம் மல்லாந்து படுத்ததும் ஒழுங்காகிவிடும், எம்.ஆர்.ஐ.யில் தப்பிவிடும்.

சாதாரண முதுகுவலிக்கு முதல் ஆறு வாரம் இவற்றில் எதுவுமே வேண்டாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய், பலமாக விழுந்தது, நாளுக்கு நாள் பலம் குறையும் கால் ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ இருந்தால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: 13 வயது மகளுக்கு முதுகு வளைவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே. கதிர்வீச்சு பயமாக இருக்கிறது. போன தடவை 18 டிகிரி, இப்போது 21. கூடிவிட்டதா?

பதில்: அந்த டிகிரிக்கு காப் கோணம் என்று பெயர். 10-க்கு மேல் போனால்தான் பக்கவளைவு என்றே சொல்வோம். ஒரே படத்தில் இரண்டு பேர் கோடு போட்டு அளந்தாலே மூன்று, நான்கு டிகிரி வித்தியாசம் வரும். எனவே 18-லிருந்து 21-ஐ வைத்து மட்டும் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே ஆள் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கதிர்வீச்சு பற்றிய கவலை நியாயம்தான். கதிர் முதுகுப் பக்கமிருந்து நுழையும்படி எடுத்தால் மார்பகத்துக்குப் போகும் அளவு வெகுவாகக் குறையும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க: இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்ரே ஏறக்குறைய 1.5 மில்லிசீவர்ட் (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), சி.டி. அதைப்போல் சில மடங்கு. இயற்கையிலிருந்து நம் உடலில் ஆண்டுதோறும் ஏறுவது உலக சராசரியில் ஏறக்குறைய 2.4 முதல் 3 வரை. எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.

கேள்வி: முதுகில் டைட்டேனியம் திருகாணி இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: பொதுவாக எடுக்கலாம். திருகாணியைச் சுற்றிப் படம் கொஞ்சம் சிதையும், அவ்வளவுதான். உள்ளே போகுமுன் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கதை வேறு. அதன் அட்டையைக் காட்டாமல் அறைக்குள் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74. டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு அடர்த்தி நார்மல். ஆனால் லேசாக வழுக்கி உட்கார்ந்ததற்கே முள்ளெலும்பு நசுங்கிவிட்டது. எப்படி?

பதில்: வயதானவர்களின் முதுகு டெக்ஸாவை ஏமாற்றும். எலும்பு ஓரங்களில் வளர்ந்த முட்கள், முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பு எல்லாமே கணக்கில் சேரும். முன்பே நசுங்கிய எலும்புகூட அடர்த்தியானதுபோலக் காட்டும். இடுப்பு மூட்டின் டி-ஸ்கோரை (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுத் தரும் எண்) பாருங்கள், மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. அது நன்றாகவே இருந்தாலும், இவ்வளவு லேசான விழுதலில் முதுகெலும்பு நசுங்கியதே மருந்து தொடங்குவது பற்றி டாக்டரிடம் பேசப் போதுமான காரணம்.