பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பவர்களின் தாடை வலி

கேள்வி: பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயது 20. இரண்டு மாதங்களாக வலது காதுக்கு முன்னால் வலிக்கிறது. வாயைத் திறந்தால் ‘கிளிக்’ என்று சத்தம் வருகிறது. மாலையில் நூலகத்தை விட்டு எழும்போது நெற்றிப்பொட்டு வரை கனக்கிறது. காது மருத்துவர் பார்த்துவிட்டுக் காதில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார். பல் வரிசை ஒத்துப்போகாததால்தான் இப்படி, இரண்டு பற்களைச் சற்று ராவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அறைத் தோழியோ தேர்வு பயம்தான் காரணம் என்கிறாள். யார் சொல்வது சரி? என் மூட்டு தேய்ந்துவிட்டதா? சாப்பிடும்போது எழும் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்குமோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்: முதல் வேலையாக, பல்லை ராவும் யோசனையைக் கைவிடுங்கள். ராவிய பல் திரும்ப வளராது. உங்களுடையது போன்ற வலியோ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், வீட்டு அளவிலான கவனிப்பிலேயே தணிந்துவிடுகிறது. 

தோழி சொல்வதில் உண்மை அதிகம். ஆனால் ‘பயம்தான்’ என்று சொல்லி முடித்துவிட்டால், வலியை நீங்களே கற்பனை செய்துகொள்வதுபோல் ஆகிவிடும். வலிப்பது உண்மையான தசை, உண்மையான மூட்டு. பயம் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். இரு கை விரல்களையும் கன்னங்களில், தாடை வளையும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள். கடைவாய்ப் பற்களை இறுகக் கடியுங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை திரண்டு எழும். விரல்களை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தி மறுபடி கடியுங்கள். அங்கேயும் ஒன்று புடைக்கும். மாலையில் கனக்கும் இடம் அதுதானே? இனி, சுட்டுவிரலைக் காதுத் துளைக்கு முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உருண்டையான ஒன்று முன்னால் நழுவித் திரும்பி வருவது தெரியும். அது கீழ்த்தாடை எலும்பின் தலை. மண்டையோட்டின் குழியில் அது பொருந்தும் இடமே தாடை மூட்டு. கதவுக் கீல் போலச் சுழலவும் இழுப்பறை போல நழுவவும் செய்கிற மூட்டு இது.

மூட்டுக்கும் காதுத் துளைக்கும் இடையில் இருப்பது மெல்லிய சுவர்தான். மூட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகளே காதின் முன்பகுதிக்கும் போகின்றன. அதனால் மூட்டு வலியைக் காது வலி என்று மூளை எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. இந்தத் தொடர்பை 1934இல் விரிவாக எழுதிக் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் ஒரு காது மருத்துவர்தான், ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கர். பற்கள் விழுந்து கடி (மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம்) மாறுவதே காரணம் என்று அவர் விளக்கினார். அந்த விளக்கம் பிற்கால ஆய்வுகளில் நிற்கவில்லை. ஆனாலும் பல்லை ராவச் சொல்லும் பழக்கம் அங்கங்கே நின்றுகொண்டிருக்கிறது! தாடை மூட்டுக் கோளாறுகளுக்காக 2014இல் வெளியான சர்வதேச நோயறியும் வரையறை இரண்டு அச்சுகளைக் கொண்டது. ஒன்று தசையையும் மூட்டையும் பார்க்கிறது. மற்றது மனநிலை, கவலை, அன்றாட வேலையில் வலி செய்யும் குறுக்கீடு ஆகியவற்றைப் பார்க்கிறது. எனவே மருத்துவர் உங்கள் தூக்கத்தையும் தேர்வையும் பற்றி விசாரித்தால், பேச்சை மாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

சத்தத்தின் கதை இதுதான். எலும்புத் தலைக்கும் குழிக்கும் நடுவே குருத்தெலும்பு போன்ற ஒரு சிறு வட்டு மெத்தையாக இருக்கிறது. அது சற்று முன்னால் விலகியிருந்தால், வாய் திறக்கும்போது எலும்புத் தலை அதன் விளிம்பைத் தாண்டி மேலே ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் ‘கிளிக்’. மூட்டு தேய்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம் அல்ல. வலி இல்லாத கிளிக் எத்தனையோ பேருக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. அதற்குச் சிகிச்சையே தேவையில்லை. மணலை அரைப்பதுபோன்ற கரகரப்பு வேறு விஷயம். அப்படி இருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இனி பயம் வந்த வழி. ஓய்வில் இருக்கும் வாயில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மெல்லுதல், விழுங்குதல் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், நாள் முழுவதிலும் பற்கள் தொட்டுக்கொள்ளும் நேரம் சுமார் 20 நிமிடம்தான். இப்போது நூலகத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கோலத்தை நினைத்துப் பாருங்கள். தலை முன்னால் நீண்டிருக்கிறது, தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறது, ஒரு கை கன்னத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது, பற்கள் சேர்ந்திருக்கின்றன. பலமாகக் கடிக்கவில்லை, லேசாகத்தான். ஆனால் மூன்று மணி நேரம். ‘பல்லைக் கடித்துக்கொண்டு இந்தப் பருவத்தைத் தாண்டிவிடு’ என்று யாரோ சொன்னதை உடல் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது.

மன அழுத்தம் இன்னொன்றையும் செய்கிறது. தூக்கத்தைக் குறைக்கிறது. தூக்கம் குறைந்தவருக்கு அதே வலி கூடுதலாக உறைக்கும். வலி கவலையைக் கூட்டும், கவலை கடியைக் கூட்டும்.

இரவில் நறநறவென்று பல் கடிப்பது இதிலிருந்து சற்று வேறு. அது தூக்கத்தினிடையே மூளை கணநேரம் விழிப்பை நோக்கி எழும்போது நடப்பது. காலையில் எழும்போதே தாடை இறுகியிருந்தால் இரவுக் கடியைச் சந்தேகிக்கலாம். உங்களுக்கு மாலையில் கனக்கிறது என்பதால், பகல் கடி என்றே எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடியில் பாருங்கள்: கன்னத்தின் உட்புறம் பல் சேரும் மட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடும், நாக்கின் ஓரத்தில் பல் அழுந்திய வளைவுகளும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பகல் கடிக்கான மருந்து, தமிழ் எழுத்து ஒன்றில் இருக்கிறது. ‘ன்’ என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். ‘ந்’ அல்ல, அதற்கு நாக்கு பல்லைத் தொடும். ‘ன்’ சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஈறு மேட்டில் ஒட்டி நிற்கும், பற்கள் விலகியிருக்கும். உதடுகளை மட்டும் மெல்ல மூடிக்கொள்ளுங்கள். இதுதான் தாடையின் ஓய்வு நிலை. படிக்கும் மேசையின் மூலையிலும் கைபேசியின் பின்புறத்திலும் ஒரு சிறு வண்ணப் பொட்டு ஒட்டி வையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், சேர்ந்திருந்தால் ‘ன்’. முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் பிடிபடுவீர்கள். அந்த எரிச்சலே நோயறிதல்.

கூடவே, வலிக்கும் பக்கம் வெதுவெதுப்பான ஈரத் துணியை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், காலை மாலை. இரண்டு வாரம் மிருதுவான உணவு. சூயிங் கம், நகம், பேனா மூடி எதையும் மெல்ல வேண்டாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கையை வைத்துத் தாங்குங்கள். நாக்கு நுனியை ‘ன்’ இடத்திலிருந்து எடுக்காமல், முடிந்த அளவு மட்டும் வாயை மெல்லத் திறந்து மூடுங்கள், ஆறு முறை. வலித்தால் அன்று விட்டுவிடுங்கள். கிளிக் வருகிறதா என்று தாடையை வேண்டுமென்றே ஆட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் (மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன்) அதையும் நிறுத்துங்கள். வலி மிகுந்த நாட்களில் இப்யூப்ரோஃபென் உதவும். ஆனால் வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

பல் மீது மாட்டும் உறை பற்களைத் தேய்மானத்திலிருந்து காக்கும். கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாது. தேவையென்றால் பல் மருத்துவர் உங்கள் வாய்க்கு அளவெடுத்துச் செய்து தருவார். சில பற்களை மட்டும் மூடும் ஆயத்த உறைகளை வாங்கி மாதக்கணக்கில் போட்டால் கடியே மாறிவிடக்கூடும். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவற்றில் சில பல் கடித்தலைத் தூண்டக்கூடும். அதற்காக நீங்களே நிறுத்திவிட வேண்டாம். மாற்று மருந்து இருக்கிறது.

உங்கள் வயதில் ஒன்றை மறக்கக் கூடாது: ஞானப் பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் இந்தப் பல்லைச் சுற்றி ஈறு பழுத்தாலும் வாய் திறக்க முடியாமல் காது வரை வலிக்கும். காய்ச்சல், கன்ன வீக்கம், விழுங்கச் சிரமம் இருந்தால் தசைப் பிடிப்பு என்று எண்ணிக் காத்திருக்காமல் அன்றே போங்கள். நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுக்கு மேல் நுழையவில்லை, சத்தம் திடீரென்று நின்று வாயும் பூட்டிக்கொண்டது, திறந்த வாய் மூடவில்லை, முகம் மரத்துப்போகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். இவை எதுவும் இல்லையென்றால், சொன்னவற்றை மூன்று, நான்கு வாரம் செய்து பார்த்துவிட்டுத் தாடை மூட்டுச் சிகிச்சையில் பழக்கமுள்ள பல் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். அது உங்களுக்கு உரக்கக் கேட்பதற்குக் காரணம், உங்கள் காதிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் எழுந்து எலும்பு வழியாகவே போய்ச் சேர்வதுதான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் அவர் மெல்லும் சத்தம்தான் கேட்கும்.