ஐந்து வயது மகன் தினமும் குறட்டை விடுகிறான், அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

என் மகளுக்கும் நான்கு வயதில் இதே நிலைதான். குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறாள் என்று பல மாதம் நம்பியிருந்தோம். உண்மையில் அவள் தூங்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள்.

குறட்டைச் சத்தத்தை விட, அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். குறட்டை திடீரென்று நின்று, நெஞ்சு மட்டும் உள்ளிழுத்து, சில நொடி கழித்து ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறதா? வாய் திறந்தே இருக்கிறதா, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கிறானா, தலை வியர்க்கிறதா, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்திருக்கிறதா? இப்படிப்பட்ட குழந்தைகள் பகலில் பெரியவர்கள் போலத் தூங்கி வழிய மாட்டார்கள். துறுதுறுவென்று அடங்காமல் இருப்பார்கள், சட்டென்று எரிச்சல் வரும். இதைச் சேட்டை என்று நினைத்து நாங்கள் அவளைத் திட்டியது இன்னும் மனதை உறுத்துகிறது.

இரண்டிலிருந்து எட்டு வயது வரை தொண்டையின் அளவுக்கு டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு என்ற சதையும் பெரிதாக இருக்கும். தூக்கத்தில் தசை தளர்ந்ததும் வழி அடைபடுகிறது. சளி பிடித்தபோது மட்டும் வரும் குறட்டைக்குப் பயப்பட வேண்டாம். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது சட்டையில்லாமல் அவன் தூங்குவதை போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துப் போங்கள், நெஞ்சின் அசைவு தெரிய வேண்டும். உறுதியாகச் சொல்வது இரவு முழுக்க எடுக்கும் தூக்கப் பரிசோதனைதான். அதில் மணிக்கு ஒன்றுக்கு மேல் மூச்சுத் தடை வந்தாலே குழந்தைகளுக்கு அது இயல்பல்ல.

சரி, அறுவை சிகிச்சை? எல்லாருக்கும் உடனே வேண்டாம். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளை ஏழு மாதம் கவனித்தார்கள். டான்சில், அடினாய்டு எடுத்தவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கப் பரிசோதனை இயல்பானது. எடுக்காமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்குத் தானாகவே சரியானது. கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் இல்லை, அவர்களைக் காக்க வைக்கக் கூடாது.

லேசான நிலையில் முதலில் மூக்கு ஸ்பிரே. ஆறு வாரம் வெறும் உப்பு நீர் ஸ்பிரே அடித்தே பத்தில் நான்கு குழந்தைகளுக்குக் குணம் தெரிந்ததாக ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது, ஸ்டீராய்டு ஸ்பிரேயும் அதே அளவுதான். ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் அதன் மனநிலைப் பக்கவிளைவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2020-இலிருந்து அமெரிக்காவில் அதற்குக் கடும் எச்சரிக்கை இருக்கிறது.

என் மகளுக்கு ஸ்பிரே போதவில்லை, அறுவை செய்தோம். முதல் இரண்டு வாரம் வீக்கத்தால் குறட்டை இருந்தது, அப்புறம் அடங்கியது. வலிக்குக் கோடீன் என்ற அபின் வகை மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், குழந்தைகளின் மூச்சையே அது நிறுத்தக்கூடும். உடல் எடை அதிகமுள்ள பிள்ளைகளுக்கு அறுவைக்குப் பிறகும் தொல்லை மீதமிருக்கலாம். இரண்டு மாதம் ஆகியும் குறட்டை போகவில்லை என்றால் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.