முகம் எரியுது, அந்த கிரீம் போட்டாத்தான் அடங்குது
வாசகர் கேள்வி, தோல் டாக்டர் பதில்

கேள்வி: டாக்டரம்மா வணக்கம். எனக்கு 38 வயசு, பர்மாவுல பெகுல இருக்கேன், வீட்டுலயே முறுக்கு வடை போட்டு கடைங்களுக்கு குடுக்குறோம். ரெண்டு வருஷமா கன்னமும் மூக்கும் திடீர் திடீர்னு சூடாகி எரியுது, சின்னச் சின்னதா பரு மாதிரி கெளம்புது. மருந்துக்கடையில ஒரு சின்ன ட்யூப் குடுத்தாங்க, போட்டா ரெண்டே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடும், நிறுத்துனா முன்ன விட ஜாஸ்தியா வருது, இப்ப விடவே முடியல. மாமியார் இது உடம்புச் சூடு, தனக்கா (இங்க கல்லுல அரைச்சு முகத்துல பூசுற மரப்பட்டை) அப்புன்றாங்க. பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாங்க, தேய்ச்சுட்டு ராத்திரி பூரா தூங்கல. இது என்னதான்? (பேர் போட வேணாம், பெகு)

பதில்: தங்கச்சி, எலுமிச்சம்பழம் இனிமே முகத்துப் பக்கமே போகக் கூடாது. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா இது ரோசேசியா மாதிரி தெரியுது, நேர்ல ஒரு டாக்டர் பாத்துத்தான் முடிவு பண்ணணும். தோலுக்கு அடியில இருக்குற பொடி ரத்தக்குழாய்ங்க சும்மா சும்மா விரிஞ்சுக்குது, தோல் எதுக்கெடுத்தாலும் கோவிச்சுக்குது, அதான் சூடும் எரிச்சலும். எல்லார் முகத்துலயும் இருக்குற டெமோடெக்ஸ்ன்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி இந்த வியாதி உள்ளவங்களுக்குக் கொஞ்சம் அதிகமா இருக்கும். ஒட்டிக்கிற வியாதி இல்ல, அழுக்கால வர்றதும் இல்ல, அதனால தேய்ச்சு தேய்ச்சுக் கழுவாதீங்க. சாதாரண பருன்னா துவாரம் அடைச்ச கரும்புள்ளி இருக்கும், இதுல இருக்காது.

இது வெள்ளக்காரங்க வியாதின்னு ஒரு நெனப்பு இருக்கு, அதனாலயே நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு வருஷக்கணக்கா பரு மருந்தும் அலர்ஜி மாத்திரையும் சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க. நம்ம நெறத்துல செவப்பு பளிச்சுன்னு தெரியாது, கருஞ்சிவப்பா, ஊதா கலந்த பழுப்பா, சில பேருக்கு வெறும் கருப்பு தட்டுன மாதிரிதான் தெரியும். அதனால கண்ணாடிய விட உங்க உணர்ச்சிய நம்புங்க, சூடு, குத்தல், சோப்பு பட்டா எரிச்சல், இதெல்லாம்தான் அடையாளம். ஒரு கண்ணாடி டம்ளர கன்னத்துல அழுத்திப் பாருங்க, அந்த எடம் வெளுத்து, எடுத்ததும் நெறம் திரும்பி வந்துச்சுன்னா அது ரத்தக்குழாய் விரிஞ்ச நெறம். மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுறது இதெல்லாம் கூட இருந்தா லூபஸா (உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குற வியாதி) இருக்கலாம், அதுக்கு ரத்த டெஸ்ட் வேணும்.

இப்ப அந்த ட்யூப். எனக்கு வர்ற கடுதாசியில என்னைய ரொம்ப வருத்தப்பட வைக்கிற விஷயம் இதுதான். ரெண்டு நாள்ல பளிச், விட்டா மோசம்னு சொன்னா அது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான், ட்யூப்ல க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. அது விரிஞ்ச குழாய சுருக்கிப் பிடிக்குது, அதான் அடங்குன மாதிரி இருக்கு, ஆனா உள்ளுக்குள்ள தோல மெலிசாக்கிக்கிட்டே போகுது, நிறுத்துனா குழாய்ங்க முன்ன விட அகலமா விரிஞ்சுக்குது, நீங்களும் பயந்து திரும்பப் போடுறீங்க. ரோசேசியாவே இல்லாதவங்களுக்குக் கூட இந்த கிரீமாலயே அது வரலாம். மேல என்ன கலந்திருக்குன்னு எழுதாத வெள்ளையாக்குற கிரீம் டப்பாவும் இதே கதைதான், சிலதுல ஸ்டீராய்டு, சிலதுல பாதரசம் கூட இருக்கும்.

அதனால ட்யூப கையோட எடுத்துக்கிட்டு தோல் டாக்டர்கிட்ட போங்க. நேரா நிறுத்தச் சொல்வாங்க, இல்ல வேற லேசான மருந்துக்கு மாத்தி மெதுவா நிறுத்துவாங்க. நிறுத்துன கொஞ்ச நாள்ல முகம் பயங்கரமா வீங்கி எரியும், அது சில வாரம் நீடிக்கலாம், சில பேருக்கு மாசக்கணக்குல கூட ஆகும், அது கிரீம் எறங்குற நேரம், வியாதி முத்திப்போச்சுன்னு நெனக்காதீங்க. வீட்டுல கல்யாணம் இருக்குற வாரமா பாத்து ஆரம்பிக்காதீங்க, வெயில் மண்டைய பொளக்குற ஏப்ரல் தண்ணித் திருவிழா நேரத்துலயும் வேணாம். மாமியார்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.

மருந்துன்னு பாத்தா மெட்ரோனிடசோல் 0.75% ஜெல், அசெலிக் ஆசிட் 15%, ஐவர்மெக்டின் 1% கிரீம், இதுல எது ஒத்துக்குதோ டாக்டர் குடுப்பாங்க. ரெண்டு மூணு மாசம் பொறுமையா போட்டாத்தான் பலன் தெரியும், ரெண்டு நாள் கணக்குக்குப் பழகுன உங்களுக்கு இதுதான் கஷ்டம். பரு மாதிரி கெளம்புறது ஜாஸ்தின்னா டாக்சிசைக்ளின் மாத்திரை, ஆனா கர்ப்பமா இருந்தா அது கூடாது, மாத்திரைய முழுங்குனதும் நெறைய தண்ணி குடிக்கணும், உடனே படுக்கக் கூடாது. வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் ஒண்ணு, ஜிங்க் ஆக்சைடு இருக்குற எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் ஒண்ணு, கழுவ சாதாரண தண்ணி, இது போதும்.

அடுப்புதான் உங்களுக்குப் பெரிய எதிரின்னு நெனக்கிறேன். தொழில விடுன்னு சொல்ல மாட்டேன். விடியக்காத்தாலயே எண்ணெய் சட்டி வேலைய முடிச்சுடுங்க, கழுத்துல ஈரத்துணி போட்டுக்கோங்க, வாயில ஐஸ் துண்டு வச்சுக்கிட்டாலும் முகச்சூடு கொறையும், கரண்டு போனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வெளிய வந்து நில்லுங்க. டீய விடணுமான்னு எல்லாரும் கேப்பாங்க. 1981ல வந்த ஒரு ஆராய்ச்சியில 60 டிகிரி சூட்டுல குடுத்த காப்பியும் முகத்த சிவக்க வச்சுது, அதே சூட்டு வெறும் வெந்நீரும் சிவக்க வச்சுது, ஆறிப்போன காப்பி ஒண்ணும் பண்ணல. அதனால டீக்கடையில உக்காந்து டீய நல்லா ஆத்திட்டுக் குடிங்க. மொய்ங்காவும் (மீன் குழம்பு ஊத்துன நூடுல்ஸ்) அப்புடியே, கொதிக்கக் கொதிக்க வேணாம், மொளகாத்தூள் உங்களுக்கு ஒத்துக்குதான்னு ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க, ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருத்தருக்கு ஒண்ணும் செய்யாது.

தனக்காவப் பத்தி மாமியார் மனசு நோகாம சொல்லணும். கல்லுல அரைச்சுப் பூசுற அந்தக் குளிர்ச்சி நம்ம எல்லாருக்கும் பிடிச்சதுதான், நானும் சின்ன வயசுல பூசிக்கிட்டு ஸ்கூல் போனவதான். ஆனா எரியுற தோல்ல அது காஞ்சு இழுக்கும், அப்பறம் தேய்ச்சுக் கழுவுவோம், அதுல புண்ணாகும். வாசனை சேத்து டப்பாவுல வர்றது இன்னும் மோசம். சன்ஸ்கிரீனுக்கு பதிலா அத நம்பவும் முடியாது. முகம் நல்லா அடங்குன பிறகு காதுக்குக் கீழ கொஞ்சம் தடவி நாலு நாள் பாருங்க, அதுவரைக்கும் கையில கால்ல பூசிக்கட்டும்.

கேள்வி: எங்க அப்பாவுக்கு 61 வயசு. மூக்கு தடிச்சு மேடு மேடா ஆயிட்டுது, கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுன்றாங்க. குடிச்சுதான் இப்புடி ஆச்சுன்னு சொந்தக்காரங்களே பேசுறாங்க, அவர் வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல. கோயிலுக்குக் கூட வர மாட்டேங்குறாரு. (மகள், ரங்கூன்)

பதில்: அம்மா, உங்க அப்பாவுக்காக இத சத்தமா சொல்றேன், சொந்தக்காரங்க கிட்ட படிச்சுக் காட்டுங்க. ரோசேசியாவுல சில ஆம்பளைங்களுக்கு மூக்குத் தோல் இப்புடித் தடிக்கும், குடிக்காதவங்களுக்கும் வரும், ஒரு துளி தொடாதவங்களுக்கும் வரும். தடிச்சுப்போன பிறகு கிரீம் மட்டும் போதாது, லேசர்லயோ சின்ன ஆபரேஷன்லயோ மேல இருக்குறத செதுக்கி எடுக்கலாம், மூக்கு பெரும்பாலும் பழைய வடிவத்துக்குக் கிட்ட வரும்.

ஆனா மூக்குக்கு முன்னாடி கண்ணக் காட்டுங்க. அந்த உறுத்தலும் இதே வியாதியா இருக்கலாம், இமை ஓரத்துல எண்ணெய் சுரப்பி அடைச்சுக்கும், அடிக்கடி கண்கட்டி வரும். கண்டு கொள்ளாம விட்டா கருவிழியில புண்ணாகும். வெதுவெதுப்பான சுத்தமான துணிய மூடுன இமை மேல காலையிலயும் ராத்திரியும் அஞ்சு நிமிஷம் வச்சு ஓரத்த மெதுவா தொடைச்சு விடுங்க, இந்த வாரமே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வெளிச்சம் பாத்தா வலிக்குதுன்னோ, மங்கலா தெரியுதுன்னோ சொன்னா அன்னைக்கே போயிடணும்.