வானியலில் சாதித்த பெண்களில் உங்களை அதிகம் கவர்ந்தவர் யார்? ஏன்?

இந்தக் கேள்விக்கு வேரா ரூபின், செசிலியா பெய்ன் என்று பதில்கள் வரும். வரட்டும், இருவரும் தகுதியானவர்கள்தான். ஆனால் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்ற முறையில் என் ஓட்டு மரியா மிட்செலுக்கு. அவர் கண்டுபிடித்த வால்நட்சத்திரத்தைவிட, பிறகு டீச்சராக அவர் செய்த வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1818-இல் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் பிறந்தவர். திமிங்கில வேட்டைக் கப்பல்களால் பிழைத்த ஊர் அது. நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட, கப்பலில் இருக்கும் க்ரோனோமீட்டர் கடிகாரம் பிசகாமல் ஓட வேண்டும். நட்சத்திரங்களைப் பார்த்து அந்தக் கடிகாரங்களைச் சரிபார்த்துக் கொடுத்தவர்களில் மரியாவின் அப்பா வில்லியமும் ஒருவர். 1831-இல் வளைய சூரிய கிரகணம் வந்தபோது, அப்பா தொலைநோக்கியில் பார்க்க, பன்னிரண்டு வயது மகள் பக்கத்தில் நின்று விநாடிகளை எண்ணினாள். படிப்பு இப்படித்தான் தொடங்கியது. 1836-இல் ஊர் நூலகத்தில் நூலகர் வேலை கிடைத்தது. ஆள் வராத நேரத்தில் லாப்லாஸ், காஸ் போன்ற கணித மேதைகளின் நூல்களைத் தானே உட்கார்ந்து படித்தார். கல்லூரியில் படித்ததே இல்லை.

1847 அக்டோபர் 1 இரவு, வீட்டில் விருந்தாளிகள். மரியா நைசாக நழுவி மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அப்பா காசாளராக இருந்த வங்கிக் கட்டடத்தில்தான் குடியிருப்பு. அதன் கூரைமேல்தான் தொலைநோக்கி. பத்தரை மணிக்குத் துருவ நட்சத்திரத்துக்குச் சற்று மேலே, அதுவரை அங்கே இல்லாத ஒரு மங்கல் புள்ளி. அவசரப்பட்டு அறிவிக்க அவருக்கு மனமில்லை. அப்பாதான் ஹார்வர்டுக்குக் கடிதம் எழுதினார். தீவிலிருந்து தபால் தினமும் போகாது. அதற்குள் அக்டோபர் 3-ஆம் தேதி ரோமில் தெ விக்கோ என்ற வானியலாளர் அதே வால்நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டார்.

புது வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் முதலில் காண்பவருக்கு டென்மார்க் மன்னர் அறிவித்திருந்த தங்கப் பதக்கம் நழுவிவிடும் நிலை, ஏனென்றால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. ஹார்வர்டு தலைவர் எட்வர்ட் எவரெட் ஐரோப்பாவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி வாதாடிய பிறகு 1848-இல் பதக்கம் மரியாவுக்கே வந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் கலை அறிவியல் அகாடமியின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். 1849 முதல், மாலுமிகள் வழி கணிக்கப் பயன்படுத்தும் கடற்பயணப் பஞ்சாங்கத்துக்கு வெள்ளிக் கிரகத்தின் இருப்பிடங்களைக் கணக்கிட்டுக் கொடுத்தார், ஆண்டுக்கு 300 டாலருக்கு.

கருவிப் பராமரிப்பையும் அவரே பார்த்துக்கொண்டார். ஒருமுறை தொலைநோக்கியின் குறுக்கிழைகளை, அதாவது நட்சத்திரத்தின் இடத்தைக் குறிக்க உள்ளே குறுக்காகக் கட்டியிருக்கும் மெல்லிய இழைகளை, மாற்ற வேண்டி வந்தது. தலைமுடி ஒத்துவரவில்லை, லென்ஸில் கயிறு மாதிரித் தெரிந்தது. கடைசியில் கைகொடுத்தது சிலந்தி நூல். மூச்சுப் பட்டாலே அறுந்துவிடும் சாமான் அது.

1865-இல் பெண்களுக்கென்று வாஸர் கல்லூரி திறந்தபோது வானியல் பேராசிரியர் ஆனார். 12 அங்குலத் தொலைநோக்கி கிடைத்தது, குடியிருப்பும் அதே வான்நோக்ககத்தில்தான். சம்பளம் மட்டும் 800 டாலர். ஆண் பேராசிரியர்கள் 2000-க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் அலைடா ஏவரியும் இவரும் சேர்ந்து நிர்வாகத்திடம் நேராகவே கேட்டார்கள். சம்பளம் கூடியது.

இரவு பத்து மணிக்கு மாணவிகள் அறைக்குள் இருக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. இரவில் வெளியே வராமல் வானியல் படிப்பது எப்படி? மரியா விதியைக் கண்டுகொள்ளவில்லை. மாணவி ஏதாவது சொன்னால், இதைப் புத்தகத்தில் படித்தாயா, நீயே பார்த்தாயா என்று கேட்பார். மதிப்பெண் போடுவதில் நம்பிக்கை இல்லாதவர். மூளையை அளக்க அலகு ஏது என்பது அவர் கட்சி. நம் பிள்ளைகள் ஊசல் பரிசோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு விடை 9.8 வர வேண்டும் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு, அதற்கேற்ப ரீடிங்கைப் பின்பக்கமிருந்து எழுதி ரெக்கார்டு நோட்டை முடிக்கிறார்கள். அந்த நோட்டில் டிக் போடும்போதெல்லாம் எனக்கு மரியா ஞாபகம்தான். அவர் மாணவிகள் 1873-இலிருந்து சூரியனைப் படமெடுத்து, கரும்புள்ளிகளைத் தாங்களே பதிவுசெய்தார்கள்.

கிரகணம் என்றால் மூட்டை கட்டிவிடுவார். 1869-இல் மாணவிகளோடு ஐயோவாவின் பர்லிங்டன், 1878-இல் கொலராடோவின் டென்வர். இரண்டாவது பயணத்தில், இரண்டு ரயில் கம்பெனிகளின் சண்டையில் சாமான்கள் வழியில் முடங்கிவிட்டன. ஒருவழியாக வந்து சேர்ந்ததும் ஊருக்கு வெளியே மேட்டில் கருவிகளை நிறுத்திப் பார்த்தார்கள். முழுக்கப் பெண்களே இருந்த குழு. பெண்கள் கல்லூரியில் படித்தால் உடம்பு கெடும் என்று மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்த காலம்.

மாணவிகளின் பெயர்களைப் பாருங்கள். எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் பெண் எல்லன் ஸ்வாலோ. 1888-இல் மரியா ஓய்வுபெற்றபோது அதே நாற்காலிக்கு வந்த மேரி விட்னி. எனக்கு மிகவும் பிடித்தவர் அன்டோனியா மோரி. ஹார்வர்டில் நட்சத்திர நிறமாலைகளை (நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டைகளை) வகைப்படுத்தும் வேலையில், அவற்றில் தெரியும் கோடுகள் வழக்கத்தைவிட மெல்லியதாக, கூர்மையாக இருந்த சிலவற்றைக் கவனித்துத் தனியாகக் குறித்தார். அங்கிருந்த இயக்குநர் பிக்கரிங்குக்கு அது வேண்டாத நுணுக்கமாகத் தோன்றியது. 1905-இல் டென்மார்க் வானியலாளர் ஹெர்ட்ஸ்ப்ரங் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்த்தார். மோரி தனியே ஒதுக்கிவைத்தவை மற்றவற்றைவிடப் பல மடங்கு பிரகாசமான ராட்சத நட்சத்திரங்கள்.