பர்கூர் கிரானைட்டில் லித்தோ வரையலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். பர்கூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் கிரானைட் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் லித்தோ கிரேயானால் வரைந்து அச்செடுக்கலாமா? கல்லில் வரையும்போது எதில் கவனம் தேவை?

பதில்: கிரானைட் உதவாது, ஐயா. லித்தோ என்னும் கல்லச்சுக்குச் சீரான, மிக நுண்ணிய சுண்ணாம்புக்கல் வேண்டும். 1790களின் பிற்பகுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் இம்முறையைக் கண்டறிந்தது பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் கல்லில். இன்றும் அதற்குத்தான் மதிப்பு. கிரேயானின் கொழுப்பைச் சுண்ணாம்புக்கல் பற்றிக்கொள்ளும். நைட்ரிக் அமிலம் சில சொட்டுக் கலந்த அரபிக் கோந்தைப் பூசியதும், வரையாத இடங்கள் ஈரத்தைப் பிடித்து மையை விலக்கும். கிரானைட்டின் கனிமங்களான குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் இதற்கு இணங்காது. சந்தேகமான கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், சுண்ணாம்புக்கல் நுரைக்கும். பளிங்கும் நுரைக்கும் என்பதால் அது மட்டும் போதாது, பளிங்கின் படிகங்கள் பெரியவை.

மெருகேற்றிய கிரானைட் துண்டு ஒன்றை எடுத்து வையுங்கள். மை உருட்ட அருமையான பலகை.

இனி வரைவது. கார்போரண்டம் என்ற கடினமான அரைப்புத் தூளும் தண்ணீரும் இட்டு அரைத்த கல்லின் மெல்லிய சொரசொரப்பு, கிரேயானைத் தானே இழுத்துக்கொள்ளும். அந்த உணர்வு எந்தக் காகிதத்திலும் வராது. அழுத்தாதீர்கள். அழுத்தினால் குழிகள் அடைபட்டு அந்த இடம் ஒரே கறுப்பாக அச்சாகும். லேசான கோடுகளை மேலும் மேலும் சேர்த்துத்தான் சாம்பல் நிறங்கள் பிறக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் அந்தச் சாம்பல் நிறங்களுக்காகவே நான் கல்லை விடாமல் இருக்கிறேன்.

கல் கணக்கில் எடுப்பது கொழுப்பை மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத விரல்ரேகைகூட அச்சில் கறுப்பாக எழுந்து நிற்கும். தலைக்கு எண்ணெய் தடவிய கை என்றால் சொல்லவே வேண்டாம். இருபக்கமும் கட்டை வைத்து, குறுக்கே ஒரு பலகை போட்டு, அதன்மேல் கையை ஊன்றி வரையுங்கள். ரப்பரால் அழித்தால் கறுப்பு போகும், கொழுப்பு தங்கிவிடும்; பிளேடால் மெல்லச் சுரண்டுவதே வழி. வெயில் காலத்தில் கிரேயான் இளகும் என்பதால் காலையிலேயே வரைந்துவிடுங்கள். முதல் வரைவைக் கொழுப்பில்லாத காவித்தூள் தேய்த்த தாளால் படியெடுங்கள். படம் இடவலம் மாறி அச்சாகும். எழுத்து இருந்தால் கண்ணாடியில் பார்த்துச் சரிபாருங்கள்.

கல் கிடைக்காவிட்டால் சொரசொரப்பேற்றிய அலுமினியத் தகட்டிலும் இதே கிரேயானால் வரையலாம். ஆனால் அதில் சுரண்டித் திருத்தும் வசதி மிகக் குறைவு.