கொழிஞ்சாம்பாறை – பொள்ளாச்சி இ-ஃபுட்பால் மோதல்: ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயிப்பார்கள்?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். வரும் ஞாயிறு எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பையன்களும் பொள்ளாச்சிப் பையன்களும் ஆடப்போகும் இ-ஃபுட்பால் (போனில் ஆடும் கால்பந்து விளையாட்டு) போட்டியில் யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பது ஒன்று. இந்த மாதிரிப் போட்டிகளுக்கு ஆன்லைனில் வரும் முன்னோட்டங்களை நம்பிப் பணம் கட்டலாமா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆட்டத்தில் பொள்ளாச்சி 3 ஜெயிக்கும், நாங்கள் 2. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், இரண்டு அணிகளின் ஆட்டத்துக்கும் மைக் பிடித்து வர்ணனை சொல்லிப் பழகியவன். மனசு எங்கள் பையன்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் வேறு மாதிரி எழுத முடியாது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேச்சு தமிழ். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். பெண் கொடுப்பதும் எடுப்பதும், தேங்காய் வியாபாரமும், சந்தையும் எல்லாம் எல்லைக்கு இரண்டு பக்கமும் கலந்து கிடக்கிறது. ஆழியாற்றுத் தண்ணீருக்கு மட்டும் கோடை வந்தால் பேச்சு சூடாகும். கால்பந்து வந்தாலும் அப்படித்தான். எங்கள் தெருவில் ஒரே வீட்டில் அண்ணன் கேரளா பிளாஸ்டர்ஸ் மஞ்சள் பனியன் போட்டிருப்பான், தம்பி சென்னையின் எஃப்சி நீலம் போட்டிருப்பான். அந்த வேகம் அப்படியே போனுக்குள் போயிருக்கிறது.

ஆட்டம் மொபைலில். பெஸ் (PES) என்ற பழைய கால்பந்து வீடியோ கேமுக்கு கொனாமி நிறுவனம் 2021-ல் இ-ஃபுட்பால் என்று பெயர் மாற்றி இலவசமாக்கியது. மொபைலுக்கு அது 2022-ல் வந்தது. இலவசம், சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும் என்பதால் பிளே ஸ்டேஷன் வாங்க வழியில்லாத எங்கள் ஊர்களில் இதுதான் வேர் பிடித்தது. ஞாயிறு ஆட்டத்துக்கு ஒரு அணிக்கு ஐந்து பேர். ஒருவருக்கு ஒருவர் தனி ஆட்டம், மூன்று ஜெயித்த அணிக்குக் கோப்பை. தெரிந்தவர்கள் தங்களுக்குள் ஆடும் ஃப்ரெண்ட் மேட்ச் அறை போட்டு, பத்து நிமிஷ ஆட்டம், கூடுதல் நேரம் கிடையாது, சமன் ஆனால் நேராகப் பெனால்ட்டி. விளையாட்டுக்குள் வரும் எல்லா வீரர்களின் கண்டிஷனையும் (அன்றைய உடல் தெம்பை அம்புக்குறியால் காட்டுவது) ஒரே அளவில் வைக்க இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு முடிவுக்காகவே நடத்துபவர்களைப் பாராட்ட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு யாருடைய முன்கள வீரருக்கு அம்புக்குறி கீழே விழுந்திருக்கிறது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துபோகும்.

முன்னோட்டம் எழுதுகிற பலரும் ‘அவனிடம் எந்தக் கார்டு இருக்கிறது, இவனிடம் எந்த எபிக் இருக்கிறது’ என்று பட்டியல் போடுகிறார்கள். கார்டு என்றால் விளையாட்டில் நாம் சேர்க்கும் வீரர், எபிக் என்றால் அதில் அரிய வகை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்த அளவுக்கு வந்த பையன்கள் எல்லாரிடமும் நல்ல கார்டுகள் இருக்கின்றன. நான் பார்ப்பது இரண்டே இரண்டு: பந்து எதிராளியிடம் இருக்கும்போது விரல் என்ன செய்கிறது, ஒரு கோல் வாங்கிய பிறகு என்ன செய்கிறது.

எங்கள் பையன்களின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இவர்கள் செவன்ஸ் ஆடி வளர்ந்தவர்கள். மழை ஓய்ந்து அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் ஏழு பேர் ஆட்டம். இடம் சின்னது, அதனால் பந்து காலில் நிற்கக் கூடாது. தொட்டதும் பாஸ், சுவர் போல மோதித் திரும்ப வாங்கி மறுபடியும் பாஸ். போனிலும் அதே கைதான். பொசஷன் ஆட்டம், அதாவது பந்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும் ஆட்டம்; நடுக்களத்தில் நான்கைந்து பேரை நெருக்கமாக வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கொண்டுபோவார்கள். பார்க்க அவ்வளவு அழகு. எங்கள் கேப்டன் நடுக்களத்தில் பந்தைத் திருப்புவதை வர்ணனை செய்யும்போது எனக்குக் குரல் தானாக ஏறும்.

ஆனால் செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது. முன்களத்துக்காரன் கோல் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம், பந்தை எப்போது வேண்டுமானாலும் அவனுக்குத் தள்ளலாம். அந்தப் பழக்கம் இங்கே இவர்களைக் கவிழ்க்கிறது. இ-ஃபுட்பாலில் கோல் போச்சர் வகை முன்கள வீரர் எதிரணியின் கடைசித் தடுப்பாளரின் தோளோடு நின்று, இடைவெளி தெரிந்ததும் கிளம்பிவிடுவார். அந்த நொடியில் த்ரூ பாஸ், அதாவது தடுப்பாளர்களுக்கு நடுவே ஓடுகிறவருக்கு முன்னால் தள்ளும் பாஸ், போக வேண்டும். எங்கள் பையன்கள் இன்னும் ஒருவரை ஏமாற்றிவிட்டு, இன்னும் ஒரு தொடுதல் வைத்துவிட்டுக் கொடுக்கிறார்கள். அதற்குள் அவர் கடைசித் தடுப்பாளரைத் தாண்டியிருப்பார், ஆஃப்சைடு கொடி உயர்ந்துவிடும். நல்ல நல்ல நகர்வுகள் இப்படிக் கொடியில் போய் முடிவதை நான் மைக்கில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறேன்.

பொள்ளாச்சி நேர் எதிர். அவர்கள் குயிக் கவுன்ட்டர், அதாவது பந்தைப் பறித்ததும் வேகமாகத் திருப்பித் தாக்கும் ஆட்டம். பந்து தங்களிடம் இருக்க வேண்டும் என்ற ஆசையே அவர்களுக்கு இல்லை. அவர்களின் கேப்டனிடம் இதைக் கேட்டபோது, “பந்த வெச்சுட்டு என்னங்ணா பண்றது, அவிங்களே கொண்டு வரட்டுங், எப்படியும் ஒரு தடவ விடுவாங்கல்ல” என்றான். பதினெட்டு வயதுப் பையன். அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ.

அந்தப் பொறுமையின் நுட்பத்தை உங்கள் போனிலும் செய்து பார்க்கலாம். எதிராளி பந்தோடு வரும்போது பலரும், பந்தைப் பறிக்க ஆளை ஓடவைக்கும் பிரஷர் பொத்தானை விடாமல் அழுத்துவார்கள். உடனே சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளர், இடத்தை விட்டு ஓடிவருவார், அவர் நின்ற இடம் காலியாகும், அங்கே ஒரு பாஸ், கோல். பொள்ளாச்சிக் கேப்டன் சென்டர் பேக்கைத் தொடவே மாட்டான். தடுப்பு நடுக்கள வீரரை மட்டும் கையில் எடுத்து, எதிராளியை முகம் பார்த்து மறிக்கும் மேட்ச்-அப் வைத்து, பந்துக்கும் கோலுக்கும் நடுவில் குறுக்கே நகர்ந்துகொண்டே இருப்பான். நீங்கள் ஓடவும் முடியாது, பாஸும் கிடைக்காது. இன்னொன்று, தனிப்பட்ட உத்தரவில் ஒரு முன்கள வீரருக்குக் கவுன்ட்டர் டார்கெட் போட்டிருப்பான். அந்த ஆள் தடுக்கத் திரும்பி வராமல் மேலேயே நிற்பார். எங்களிடமிருந்து பந்து பறிபோன அடுத்த நொடி அவருக்கு நீளப் பந்து. அதற்குள் எங்கள் சைடு பேக் (ஓரத்துத் தடுப்பாளர்) இரண்டு பேரும் தாக்கப் போயிருப்பார்கள்.

இதோடு எங்கள் அணியில் இரண்டு பேர் இரண்டு சென்டர் பேக்கையும் டெஸ்ட்ராயர் வகையாக வைத்திருக்கிறார்கள். அந்த வகை ஆட்கள் தாமாகவே முன்னேறி மோதப் பார்ப்பார்கள். கவுன்ட்டர் ஆடும் அணிக்கு எதிராக இது தற்கொலை. ஞாயிற்றுக்குள் ஒருவரையாவது, பின்னால் நின்று பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் பில்ட்-அப் வகைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். கேட்டோம் என்று தலையாட்டினார்கள், மாற்றுவார்களா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

இவ்வளவு இருந்தும் 3-0 என்று ஏன் சொல்லவில்லை என்றால், எங்கள் கேப்டன் தன் ஆட்டத்தை ஜெயிப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் மட்டும்தான் ஒரு கோல் வாங்கிய பிறகும் தன் ஆட்டத்தை மாற்றாமல் ஆடுகிறவன். அவனைத் தவிர, எங்கள் அணியில் வயதில் சின்னவன் ஒருத்தன் இருக்கிறான், கார்னரில் கெட்டிக்காரன். உயரமான சென்டர் பேக்கை முதல் கம்பத்துக்கு ஓடவிட்டு மோதவைப்பான். பொள்ளாச்சி வீரர்கள் பலரும் வேகத்துக்காகக் குள்ளமான ஆட்களைப் போட்டிருப்பதால் அங்கே ஒரு வழி இருக்கிறது. பெனால்ட்டிக்குப் போனாலும் எங்களுக்குச் சாதகம் என்று நினைக்கிறேன். ஆக இரண்டு வெற்றி கைக்கெட்டும் தூரம். மூன்றாவது எங்கிருந்து வரும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

போன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லையில் இருப்பதால் நம் போன் ஒரு நேரம் கேரள டவரையும் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும். ஆட்டத்தின் நடுவில் டவர் மாறினால் ஒரு நொடி உறையும், அந்த ஒரு நொடி போதும் கோல் விழ. மண்டபத்து வைஃபை ஒன்றையே எல்லாரும் பயன்படுத்துவது நல்லது. சார்ஜரில் மாட்டியபடி ஆடாதீர்கள், போன் சூடாகி ஆட்டம் தடுமாறும். பெரிய திரைக்குக் காட்டுவதற்காக ஆடுகிறவன் போனிலிருந்தே படத்தை அனுப்பினால் அந்தப் போனுக்குத்தான் கூடுதல் சுமை. இதை முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள், அன்றைக்குச் சண்டை வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி, பணம். ஆன்லைனில் ‘இ-சாக்கர் முன்னோட்டம்’ என்று பெரிய பெரிய கிளப் பெயர்களோடு வருகிறதே, அந்த ஆட்டங்களை நீங்கள் நினைக்கிற கிளப்புகள் ஆடுவதில்லை. எங்கோ ஒரு அறையில் புனைப்பெயர் வைத்த இரண்டு பேர் அந்த கிளப்பைத் தேர்ந்தெடுத்து எட்டுப் பத்து நிமிஷம் ஆடுவார்கள், முடிந்ததும் அடுத்த ஆட்டம். அந்த ஆட்கள் யார், எந்த மனநிலையில் ஆடுகிறார்கள் என்பது முன்னோட்டம் எழுதுகிறவருக்கே தெரியாது. நிஜ கிளப்பின் பழைய வெற்றி தோல்விகளைக் காட்டி ‘இது ஜெயிக்கும்’ என்று எழுதுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. எங்கள் பக்கம் காலேஜ் ஃபீஸை இதில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்த பையனை எனக்குத் தெரியும். தயவுசெய்து கட்டாதீர்கள். ஞாயிறு போட்டிக்கும் யாராவது பந்தயம் வசூலிக்க வந்தால் நடத்துபவர்களிடம் சொல்லுங்கள்.

திரும்ப ஆட்டத்துக்கு வருகிறேன், கணிப்பை மாற்றக்கூடிய ஒரு விஷயம் பாக்கி. ஐந்து பேரும் எந்த வரிசையில் இறங்குவார்கள் என்பதை இரண்டு அணியும் சீட்டில் எழுதி மூடிக் கொடுக்க வேண்டும். பொள்ளாச்சி எப்போதும் தன் கேப்டனை முதலில் இறக்கும். முதல் அடியிலேயே எதிராளியை ஆட்டிவைக்கும் யோசனை. எங்களவர்கள் வழக்கமாகக் கேப்டனைக் கடைசிக்கு வைப்பார்கள். அப்படி வைத்தால் அவன் இறங்குவதற்குள் 3-1 ஆகி எல்லாம் முடிந்துவிடலாம்.

என் யோசனை இது. அவர்களின் கேப்டனுக்கு எதிராக எங்கள் ஐந்தாவது ஆளை விடுங்கள், அந்த ஆட்டம் போனால் போகட்டும். இரண்டாவதாக எங்கள் கேப்டன், மூன்றாவதாகக் கார்னர் பையன். இரண்டும் வந்தால் 2-1. மிச்சம் இரண்டு ஆட்டத்தில் ஒன்று எடுத்தால் போதும், அழுத்தம் அப்போது அவர்கள் பக்கம் போய்விடும். பின்தங்கியவர்கள் எவ்வளவு தூரம் விரட்டுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2014 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) அரையிறுதியில் கொச்சியில் 3-0 என்று ஜெயித்த பிளாஸ்டர்ஸ், சென்னையில் 90 நிமிஷத்துக்குள் அந்த மூன்றையும் திருப்பி வாங்கியது. கூடுதல் நேரத்தில் 117-வது நிமிஷம் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால்தான் மொத்தம் 4-3 என்று இறுதிக்குப் போனது. அதனால் 2-1 ஆனதும் குதிக்காமல், நான்காவது ஆள் தண்ணீர் குடித்துவிட்டு, சைடு பேக்கைத் தாக்கப் போக விடாமல் பின்னால் நிறுத்திவிட்டு உட்கார வேண்டும்.

சீட்டை இப்படி எழுதினால் என் கணிப்பு மாறும்: கொழிஞ்சாம்பாறை 3, பொள்ளாச்சி 2. வழக்கம்போல எழுதினால் மேலே சொன்னதுதான்.